இரண்டு லட்சத்துக்குள் பழைய சின்னக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் கார் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளை மழையில் பைக்கில் கூட்டிப் போக முடியவில்லை, வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோவுக்கே மாதம் பெரிய தொகை போகிறது என்று சொல்பவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பணம் பல வருடச் சேமிப்பு. தமிழ்நாட்டில் பதிவான, சொந்த உபயோகத்துக்கான சின்னக் கார்களை மனதில் வைத்தே எல்லாப் பதிலும்.

கையில் 2 லட்சம்தான் இருக்கிறது. நம்பி ஓட்டும்படியான கார் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் 2 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். ஒன்று அறுபதுக்குள் தேடுங்கள். மீதி 40 ஆயிரம் காருக்கான பணம்தான், ஆனால் விற்பவர் கைக்குப் போகக்கூடாது. பேர் மாற்றம், இன்சூரன்ஸ், ஆயில், பில்டர், பிரேக் பேட், பேட்டரி, பல நேரம் டயரும் சேர்ந்து முதல் இரண்டு மாதத்தில் அதைக் கேட்கும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்தவர்கள்தான் மூன்றாம் மாதம் அதை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய வண்டிதான் வரும். அந்த வயதில் மாடலைவிட முக்கியம், அதை யார் எப்படி வைத்திருந்தார் என்பது. ஒரே ஓனரிடம் ஒழுங்காக சர்வீஸ் ஆன சாதாரண ஆல்டோ, நாலு கை மாறிய பளபளப்பான ஸ்விஃப்டைவிட நன்றாக உழைக்கும்.

எந்த மாடலைப் பார்க்கலாம்?

உங்கள் ஊர்ப் பட்டறையில் தினமும் நிற்கும் மாடலைப் பாருங்கள். அதற்குத்தான் மெக்கானிக் கை பழகியிருக்கும், சாமான் அன்றே கிடைக்கும்.

என் முதல் விருப்பம் மாருதியின் 998 சிசி கே சீரிஸ் எஞ்சின் வந்த வண்டிகள்: 2010-க்குப் பிறகு வந்த வேகன் ஆர், அதே வருடம் வந்த ஆல்டோ கே10. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்கு (வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை) பதில் செயின் இருக்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் வெகுதூரம் போகும். உயரமானவர்களுக்கும், முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கும் வேகன் ஆரில் ஏறி இறங்குவது சுலபம். இதே எஞ்சினோடு வந்த எஸ்டிலோ, ஏ-ஸ்டார் இரண்டும் விற்பனை நின்றுபோன மாடல்கள் என்பதால் விலை இறங்கிக் கிடக்கும். எஞ்சின் சாமானுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் பம்பர், ஹெட்லைட் போன்றவற்றுக்குச் சற்று அலைய வேண்டும்.

796 சிசி ஆல்டோவும் ஆல்டோ 800-ம் பராமரிக்க மலிவு. ஆனால் அவற்றில் டைமிங் பெல்ட். ஹூண்டாயின் சான்ட்ரோ ஸிங்கிலும் ஐ10-ன் 1.1 லிட்டர் எஞ்சினிலும் அதேதான். ஐ10-ன் 1.2 கப்பா எஞ்சினில் செயின். பெல்ட் எஞ்சின் என்றால், "கடைசியா எப்ப மாத்துனீங்க, பில் இருக்கா?" என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், சில எஞ்சின்களில் வால்வும் வளைந்து செலவு பல மடங்காகும்.

பழைய தானியங்கி கியர் வண்டி இந்த பட்ஜெட்டுக்கு வேண்டாம். அதில் ஒரு ரிப்பேர் வந்தால் நீங்கள் ஒதுக்கி வைத்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

ஃபோர்டு, செவர்லே, டட்சன் எல்லாம் மலிவாக வருகிறதே?

கம்பெனி வெளியேறியதால்தான் மலிவு. செவர்லே இந்தியாவில் விற்பனையை 2017-ல் நிறுத்தியது, ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, டட்சன் 2022-ல் போனது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை இருந்ததால், அந்த வண்டிகளைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் சென்னைச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அப்படி ஒருவர் உங்களுக்குப் பழக்கம் என்றால் ஃபோர்டு ஃபிகோ பெட்ரோல் ஓட்டுவதற்கு அருமையான வண்டி. பழக்கம் இல்லையென்றால், வாங்கும்போது மிச்சமான பணத்தைச் சாமான் தேடுவதில் இழப்பீர்கள்.

பெட்ரோலா, டீசலா?

மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழே ஓடினால் யோசிக்காமல் பெட்ரோல். பழைய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, பம்ப் எது போனாலும் ஆயிரக்கணக்கில் செலவு.

இன்னொரு விஷயம், பங்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் அதற்கு ஏற்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வந்தவை, அதற்கு முந்தைய பல வண்டிகள் அப்படி இல்லை. பயப்பட வேண்டாம், ஆனால் பெட்ரோல் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜ் சற்றுக் குறையும்.

மீட்டரில் 45 ஆயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது. நம்பலாமா?

பன்னிரண்டு வயது வண்டி 45 ஆயிரம் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டு வண்டி அப்படி இருக்கும். ஆனால் மீட்டரைத் திருப்புவது மிகச் சுலபம். அதனால் மீட்டரை விட்டுவிட்டு, கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, கியர் நாப், டிரைவர் சீட்டின் வெளி ஓரம் எப்படி இருக்கின்றன? இவை தேய்ந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் கணக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பிறகு சர்வீஸ் ரெக்கார்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியாக இருந்தால், ஓனரையே போன் செய்து பழைய ஜாப் கார்டு விவரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ஓட்டம் பதிவாகியிருக்கும்.

நேரில் போய் என்ன பார்க்க வேண்டும்?

காலையில் போங்கள், முன்கூட்டியே "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கச் சூடாக்கியிருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம், தவறில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கூழ்போல ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) போயிருக்கிறதோ என்று சந்தேகம். ரேடியேட்டர் டப்பாவில் பச்சையோ சிவப்போ கூலன்ட் நிறம் தெரிய வேண்டும். துருத்தண்ணீர் இருந்தால் அந்த ஓனர் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு அது எஞ்சினைக் கெடுக்கும் பழக்கம்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் சைலன்சரிடம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. முதல் சில நொடி லேசான ஆவி வருவது இயல்பு.

பிறகு விபத்துத் தடம். டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த வண்டி வெளியே அழகாகத்தான் இருக்கும், உள்ளேதான் தெரியும். பானெட், பென்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகளாகத் தெரியும். அங்கே பட்டி பூசியிருந்தாலோ புள்ளிகளே இல்லையென்றாலோ அந்தப் பக்கம் பெரிய அடி. பம்பர் கீறலும் கதவு நசுங்கலும் பெரிய விஷயமில்லை. பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), முன்பக்க ஏப்ரன் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்), சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) இவற்றில் வேலை நடந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் கம்பெனி முத்திரையும் வருடக் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் (டயர் மேல்பரப்பின் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயர் வெயிலில் இறுகியிருக்கும். நான்கு டயர் மாற்றுவது சின்னக் காருக்கே நல்ல செலவு, அதைப் பேரத்துக்கு எடுத்து வையுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டைப் போடச் சொல்வார்கள், அணைத்துவிடுங்கள். ஏ.சி.யை முழுதாக வைத்து, மேடு பள்ளமான தெருவில் மெதுவாகப் போங்கள். முன்சக்கரத்தில் டொக் டொக் என்று கேட்டால் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பெரும்பாலும் சமாளிக்கும் செலவு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளிருந்து கடகடத்தால் ஸ்டீயரிங் ரேக் வேலை, அது பெரிய செலவு. மேடான இடத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. சமதளத்தில் கையை லேசாக விட்டால் நேராகப் போகிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் கூட்டிப்போங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். இவற்றில் மூழ்கிய வண்டிகள் கழுவப்பட்டு வேறு மாவட்டங்களுக்கு விற்பனைக்குப் போயின. சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். தினமும் வெளியே வரும் பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளின் அடியில் இருக்கும் பகுதியில் மண் நிறக் கோடு நிற்கும். சீட் ரயில் போல்ட்டுகள், ஸ்டெப்னி இருக்கும் குழி, கால்மிதிக்குக் கீழே உள்ள மேட்டிங் இவற்றில் துருவும் வண்டலும் ஒளிந்திருக்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள், ஈரத்துணி வாடை வந்தால் எழுந்து வந்துவிடலாம். தண்ணீரில் வயரிங் கெட்ட வண்டியை எந்த எலக்ட்ரீஷியனாலும் முழுதாகச் சரி செய்ய முடிவதில்லை.

பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எஞ்சினைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள், ஆர்.சி.யை ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை.

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், எந்த ஃபைனான்ஸில் அடமானம் என்பது வரும். அபராதம் நிலுவை இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியே பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸி எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அடமானம் இருந்தால், ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. முன்பு மஞ்சள் போர்டில் டாக்ஸியாக ஓடி வெள்ளைக்கு மாற்றிய வண்டியா என்றும் விசாரியுங்கள்.

பேர் மாற்றத்துக்கு விற்பவர் கொடுக்க வேண்டியது படிவம் 29, நீங்களும் அவரும் சேர்ந்து தருவது படிவம் 30. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "வெறும் ஃபாரத்துல சைன் வாங்கி வச்சுக்கங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. விற்பவரிடம் இதைச் சொன்னால் அவரே அவசரமாகப் பேர் மாற்றித் தருவார். பேர் மாறும்வரை பத்தாயிரமாவது நிறுத்தி வைத்து, அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. விற்பவரின் இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது. வாங்கலாமா?

முதலில் அவர்கள் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துத் தங்கள் பேருக்கு மாற்ற வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அதன் பிறகே உங்களுக்கு. நல்ல வண்டியாகத் தெரிந்தால் சிறிய அட்வான்ஸ் கொடுத்துக் காத்திருங்கள். இறந்தவர் கையெழுத்தை யாரோ போட்டுத் தரும் வண்டியைத் தொடாதீர்கள்.

புதுச்சேரி, கர்நாடகா, டெல்லி வண்டி மலிவாக இருக்கிறதே?

வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். 2 லட்ச பட்ஜெட்டில் இந்த அலைச்சல் தேவையில்லை.

15 வருடம் ஆகப்போகும் வண்டியை வாங்கலாமா?

தமிழ்நாட்டில் 15 வருடம் ஆனதும் வண்டியை உடைக்க வேண்டியதில்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி, பசுமை வரி கட்டி, பதிவை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பெயின்ட், பிரேக், லைட் எல்லாம் சரிசெய்து, கட்டணமும் கட்ட வேண்டும். அதனால் ஆர்.சி.யின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்தில் முடிகிறது என்றால் அந்தச் செலவை இன்றைய விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சமீபத்தில் எஃப்.சி. முடித்து இன்னும் நான்கு வருடம் இருக்கும் வண்டி கிடைத்தால் அது நல்ல வாய்ப்பு.

கடன் வாங்கி வாங்கலாமா?

பத்து வயது தாண்டிய வண்டிக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை, தனியார் ஃபைனான்ஸ்தான். அவர்கள் "மாசம் ஒன்றரை வட்டி" என்பார்கள். கேட்கக் குறைவாக இருக்கும். 1 லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால் வட்டி 54 ஆயிரம், மாதத் தவணை ஏறக்குறைய 4,280 ரூபாய். நீங்கள் அசலை மாதா மாதம் திருப்பிக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு 30 சதவீதம் வரும். அதைவிட இன்னும் ஆறு மாதம் சேர்த்துவிட்டு வாங்குங்கள்.

புரோக்கரிடமா, கன்சல்டிங்கிலா, நேரடியாகவா?

நேரடி ஓனர்தான் முதல் தேர்வு. அவர் வீட்டு வாசலில் நின்று பேசும்போதே வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவிலும், உங்கள் மெக்கானிக்கிடமும் சொல்லி வையுங்கள். நல்ல வண்டிகள் பல, விளம்பரத்துக்கு வருமுன்பே மெக்கானிக் மூலம் கைமாறிவிடும். கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) வாங்கினால் முந்தைய ஓனரின் போன் நம்பரைக் கேளுங்கள், தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள்.

எப்படிப் பேரம் பேசுவது?

வண்டியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் நல்ல ஓனர் மனம் கசந்துவிடுவார். கணக்காகப் பேசுங்கள். "அண்ணே, வண்டியை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. நாலு டயரும் 2017, பேட்டரி வீக்கு, இன்சூரன்ஸ் அடுத்த மாசம் முடியுது. இது எல்லாம் இருபதாயிரத்துக்கு மேல ஆகுது. நீங்க ஒன்னு எழுபத்தஞ்சு சொல்றீங்க, ஒன்னு ஐம்பத்தஞ்சுக்குக் குடுங்க, இன்னைக்கே முடிச்சுக்கலாம்." இப்படிச் சொல்ல கையில் பட்டியல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்து புது வண்டி விலையே இறங்கியது. அதற்கு முந்தைய விலையைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

பாதுகாப்பு எப்படி?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014-ல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, நானோ, போலோ எல்லாமே பூஜ்ய நட்சத்திரம்தான் வாங்கின. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதனால் ஒரே விலையில் இரண்டு வண்டி இருந்தால், அலாய் வீலும் டச் ஸ்கிரீனும் உள்ளதை விட்டுவிட்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ளதை எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் வேகத்தை எண்பதுக்குள் வையுங்கள், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள், குழந்தையை முன்சீட்டில் மடியில் வைக்காதீர்கள்.

வாங்கிய முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து பாலிசியை உங்கள் பேருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டிக்கான சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது சிக்கலாகிவிடும். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஃபாஸ்டேக் பழைய ஓனர் பேரில் இருந்தால் அவரை மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

பட்டறையில் எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் ஐந்தையும் மாற்றச் சொல்லுங்கள். "போன மாசம்தான் மாத்துனோம்" என்று விற்றவர் சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் பேட், பின் டிரம், வைப்பர், எல்லா பல்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய தேதியையும் மீட்டர் அளவையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லை அதிலேயே ஒட்டிவிடுங்கள். முதல் மாதம் உள்ளூருக்குள் ஓட்டி, தினமும் காலையில் வண்டிக்குக் கீழே தரையில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ குடும்பத்தோடு கிளம்பலாம்.